வலியை அடக்குகிறதா மின்துடிப்பு? - இரண்டு ஆய்வுகள், ஒரு திறனாய்வு

முதுகெலும்பில் அறுவை செய்துகொண்ட பிறகும் வலி தீராதவர்கள் உண்டு. பிதுங்கிய வட்டு அகற்றப்பட்டிருக்கும், நரம்பை நெருக்கிய எலும்பு சீவப்பட்டிருக்கும், தையலும் ஆறியிருக்கும். ஆனால் இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம்வரை நெருப்பாக இறங்கும் வலி மட்டும் போகாது. மருத்துவ நூல்கள் இதற்குத் 'தோல்வியுற்ற முதுகு அறுவை நிலை' என்று பெயர் வைத்திருந்தன. பெயரைக் கேட்ட அளவிலேயே நோயாளிக்குப் பாதித் தெம்பு போய்விடும். அதனாலோ என்னவோ, அண்மை ஆண்டுகளில் 'நீடித்த முதுகெலும்பு வலி நிலை' என்று அதை மாற்றியிருக்கிறார்கள். வலி என்னவோ அதே வலிதான்.

மாத்திரை, உடற்பயிற்சி, ஊசி ஆகிய எல்லாம் கைவிட்ட நிலையில் இவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சைகளுள் ஒன்று தண்டுவட மின்தூண்டல். ('தூண்டல்' என்றதும் பாரடேயை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கே அச்சொல் நரம்பைக் கிளர்த்துதல் என்ற பொருளில் வருகிறது.) முதுகில் ஊசி வழியே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தி, தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டியூரா என்ற தடித்த உறைக்கு வெளியே கிடத்துகிறார்கள். கம்பியின் நுனியில் சிறுசிறு மின்முனைகள் வரிசையாக இருக்கும். அதன் மறுமுனை, இடுப்புப் பகுதியில் தோலுக்கடியில் புதைக்கப்பட்ட ஒரு சிறு பெட்டியில் முடியும். மின்கலமும் மின்சுற்றும் அடங்கிய இந்தப் பெட்டி, இதயத் துடிப்புக் கருவிக்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம். சில மில்லி ஆம்பியர் அளவுள்ள மின்னோட்டத்தைக் குறுந்துடிப்புகளாகத் தண்டுவடத்தை நோக்கி அது அனுப்பிக்கொண்டிருக்கும்.

இந்தக் கருவி உண்மையில் வலியைக் குறைக்கிறதா? 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை 'ஆம்' என்றது. 2022-இல் வெளிவந்த இன்னொன்று 'இல்லை' என்றது. இரண்டும் மதிப்புள்ள ஆய்விதழ்களில் வந்தவை. இரண்டையும் எழுதியவர்கள் தேர்ந்த மருத்துவர்கள். அப்படியானால் எதை நம்புவது? இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே நோயைப் பற்றி நான் தீர்ப்புக் கூறப் போவதில்லை. அளவீட்டைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன்.

கதவை மூடும் கொள்கை

மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை மீனைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார். மின்சாரம் என்ற சொல்லே தோன்றாத காலம் அது!

இதற்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது 1965-இல். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு உளவியலறிஞரும் பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேய நரம்பியலறிஞரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். முழங்கை கதவில் இடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? உடனே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம். வலி சற்று அடங்குகிறது. ஏன்? தொடுகையை உணர்த்தும் நரம்பிழைகள் தடித்தவை. அவற்றில் செய்தி வினாடிக்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. நீடித்த வலியைச் சுமக்கும் இழைகளுள் மிக மெல்லியவற்றிலோ வேகம் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான். இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாயிலுக்கு வந்து சேர்கின்றன. தடித்த இழைகளின் செய்தி மிகுந்தால் அந்த வாயில் மெல்லிய இழைகளுக்கு மூடிக்கொள்கிறது என்பதே மெல்சாக்-வால் கொள்கை. இதன் நுணுக்கங்களில் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. மையக் கருத்து நிலைத்து நின்றது.

தேய்ப்பதற்குப் பதிலாகத் தடித்த இழைகளை மின்சாரத்தால் கிளர்த்தினால் என்ன என்று கேட்டார் அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி. 1967-இல் புற்றுநோயாளி ஒருவரின் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தி, வலி குறைந்ததாக அறிவித்தார். கொள்கை வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் கருவி வந்துவிட்டது. இந்த வேகத்தை வியக்கலாம். ஆனால் கொள்கை சரியாக இருப்பது ஒன்று, அதிலிருந்து பிறந்த கருவி வேலை செய்வது வேறொன்று. இரண்டாவதைத் தனியே சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனைக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பதுதான் நம் கதை.

2007: ஐம்பதில் இருபத்து நான்கு பேர்

கனடாவின் ரெஜைனா நகர நரம்பு அறுவை மருத்துவர் கிருஷ்ண குமாரும் பல நாடுகளைச் சேர்ந்த அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு இத்துறையில் மிகவும் மேற்கோள் காட்டப்படுவது. முதுகு அறுவைக்குப் பிறகும் கால்வலி நீடித்த 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவத்தோடு கருவியும் பொருத்தப்பட்டது. மற்றக் குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். ஆறு மாதம் கழித்துக் கால்வலி பாதியாகவோ அதற்குமேலோ குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார்கள். கருவிக் குழுவில் 48 விழுக்காட்டினர். அதாவது 50 பேரில் 24 பேர். மற்றக் குழுவில் 9 விழுக்காட்டினர். 44 பேரில் வெறும் 4 பேர்.

48-க்கும் 9-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை என்று தோன்றும். குலுக்கல் முறையும் ஒழுங்காகவே நடந்தது. பிறகு என்ன குறை?

இரண்டாம் குழுவினரைச் சற்று நினைத்துப் பாருங்கள். இவர்கள் வழக்கமான மருத்துவத்தால் குணமாகாதவர்கள். அதனால்தான் ஆய்வுக்கே வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது மீண்டும் அதே வழக்கமான மருத்துவம். புதுக் கருவி அடுத்தவருக்குப் போயிற்று என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'வலி எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? ஆறு மாதத்துக்குப் பிறகு விரும்பியவர்கள் குழு மாறலாம் என்று அனுமதித்தபோது, ஓராண்டு முடிவதற்குள் 32 பேர் கருவிப் பக்கம் போய்விட்டார்கள். காத்திருந்த மனநிலைக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மறுபக்கம் கருவிக் குழு. அறுவை, மருத்துவமனைப் படுக்கை, கையில் இயக்கும் விசை, அடிக்கடி வந்து துடிப்பைச் சரிசெய்து தரும் நிபுணர் என்று எல்லாம் அவர்களுக்கு உண்டு. கூடவே எதிர்பார்ப்பும் உண்டு. ஆக, இரு குழுக்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மின்துடிப்பு மட்டும் அன்று. ஒரு மூட்டை வேறுபாடுகள் இருந்தன. அந்த மூட்டையில் மின்துடிப்பின் எடை எவ்வளவு என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. கருவியைச் செய்யும் மெட்ரானிக் நிறுவனமே ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். அதனால் எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதில்தான் பணம் கொடுப்பவரின் கை தெரியும்.

சுழிப்பிழை

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியை எடுத்தவுடன் மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலை எது? கம்பியை வைத்து அளப்பது அன்று. ஒன்றும் வைக்காமல் திருகை மூடிப் பார்க்க வேண்டும். அப்போதும் தலைக்கோலில் ஏதேனும் அளவு காட்டினால் அதுவே சுழிப்பிழை. பிறகு அளக்கும் ஒவ்வொன்றிலும் அதைத் திருத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பாதிப் பேர் நேராகக் கம்பிக்குத் தாவுகிறார்கள்.

வலி ஆய்விலும் சுழிப்பிழை உண்டு. அது சிறியதும் அன்று. முதலில், வலி ஏறி இறங்கும் தன்மையுடையது. தாங்க முடியாத உச்சத்தில்தான் ஒருவர் மருத்துவரிடம் ஓடுகிறார். ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் அது சற்று இறங்கியே இருக்கும். முதல் தேர்வில் வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய பத்துப் பேர் அடுத்த தேர்வில் கொஞ்சம் மேலே வருவதில்லையா? அதே கணக்குதான். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பர்.

அடுத்தது, சிகிச்சை பெறுகிறோம் என்ற நம்பிக்கை. இதைக் கேட்டதும் 'அப்படியானால் நோயாளி நடிக்கிறாரா?' என்று சிலர் கேட்பர். இல்லவே இல்லை. 1978-இல் லெவின், கார்டன், பீல்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூவர், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களிடம் ஒரு சோதனை செய்தனர். மருந்துப்போலி கொடுத்ததால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் என்ற மருந்தை ஏற்றியபோது வலி மீண்டும் கூடியது. நலாக்சோன் அபினி வகை மருந்துகளின் செயலைத் தடுப்பது. அப்படியென்றால் மருந்துப்போலி பெற்றவரின் உடல், அபினி போன்ற பொருளைத் தானே சுரந்திருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். நம்பிக்கையால் வரும் வலிக்குறைவும் உடலில் நிகழும் மாற்றமே.

அறுவையிலும் இது நிகழும் என்பது 1959-லேயே தெரிந்துவிட்டது. நெஞ்சுவலிக்காக மார்புக்கூட்டின் உட்புறத் தமனியைக் கட்டிவிடும் அறுவை அப்போது பெரும் புகழ் பெற்றிருந்தது. லியோனார்ட் காப் என்ற மருத்துவர் 17 நோயாளிகளில் சிலருக்குத் தமனியைக் கட்டினார். மற்றவர்களுக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார். இரு சாராருக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது. அந்த அறுவை விரைவில் வழக்கொழிந்தது.

இது தெரிந்திருந்தும் தண்டுவடக் கருவியில் ஏன் ஐம்பதாண்டுக் காலம் திருகை மூடிப் பார்க்கவில்லை? காரணம் நேர்மைக் குறைவன்று. ஓர் உண்மையான இடையூறு. பழைய முறையில் துடிப்புகள் வினாடிக்கு ஏறத்தாழ 50 என்ற கணக்கில் செல்லும். அவை செல்லும்போது காலில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு தோன்றும். வலியுள்ள இடம் முழுவதும் அந்தக் குறுகுறுப்பு பரவும்படி மின்முனையை நகர்த்தி வைப்பதே மருத்துவரின் திறமையாகக் கருதப்பட்டது. குறுகுறுப்பு இருந்தால் கருவி ஓடுகிறது, இல்லாவிட்டால் நின்றுவிட்டது. நோயாளியை ஏமாற்றவே முடியாது. ஆகவே போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவது இயலாத காரியம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தது யார் தெரியுமா? கருவி செய்வோரேதான்! குறுகுறுப்பு சிலருக்குத் தொல்லையாக இருந்தது. எனவே நோயாளி உணராத அளவுக்குத் தாழ்ந்த மின்னோட்டத்தில், துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக அனுப்பும் புது முறையைக் கொண்டுவந்தார்கள். 'குறுகுறுப்பில்லா நிவாரணம்' என்பது விற்பனைக்கு உகந்த வாசகம். அதே நேரத்தில், கருவி ஓடுகிறதா இல்லையா என்று நோயாளிக்குத் தெரியாமல் சோதிக்கும் வழியையும் அது திறந்துவிட்டது.

2022: அணைத்து வைத்த கருவி

அந்த வழியில் நுழைந்தவர்கள் நார்வே நாட்டுத் திரோன்ஹெய்ம் நகர மருத்துவர்கள். சோசபுரோ ஹாராவும் குழுவினரும் எழுதிய அறிக்கை 2022-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. முதுகு அறுவைக்குப் பின் கால்வலி நீடித்தவர்களுள், பழைய முறையில் சோதித்துப் பயன் தெரிந்த 50 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. ஒருவரையும் ஒதுக்கவில்லை, அனைவருக்கும் கருவி. அடுத்த ஓராண்டை மும்மாத காலங்கள் நான்காகப் பிரித்தார்கள். இரண்டு காலங்களில் துடிப்பு ஓடும், இரண்டில் ஓடாது. எது முன், எது பின் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. எந்தக் காலத்தில் துடிப்பு ஓடியது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரது நிலையை மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஒவ்வொரு நோயாளியும் தனக்குத் தானே ஒப்பீடாக நின்றார் என்பது இந்த அமைப்பின் அழகு. ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு கணக்கில் நுழையவே இல்லை.

அளந்தது முதுகுவலியால் அன்றாட வாழ்வு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதை. ஆஸ்வெஸ்ட்ரி அளவுகோல் என்பது 0 முதல் 100 வரை செல்லும். எண் கூடக்கூட முடக்கம் கூடுதல். தொடக்கத்தில் சராசரி 44.7 இருந்தது. துடிப்பு ஓடிய காலங்களில் இது 10.6 புள்ளி குறைந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் துடிப்பு ஓடாத காலங்களிலும் 9.3 புள்ளி குறைந்தது!

திருகு அளவிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ட அளவு 10.6, சுழிப்பிழை 9.3, திருத்திய அளவு 1.3. நோயாளிக்கு உறைக்கும் மாற்றம் என்று ஆய்வாளர்கள் கொண்டதோ 10 புள்ளி. இதற்கிடையே 9 பேருக்குக் கருவியாலோ அறுவையாலோ தொல்லைகள் நேர்ந்தன; அவர்களுள் 4 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

மறுப்புகளும் அவற்றின் எடையும்

அறிக்கை வந்ததும் இத்துறையினர் பலர் சீறினார்கள். அவர்களுடைய மறுப்புகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

ஐம்பது பேர் போதுமா என்பது ஒன்று. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் இது நிற்காது. எந்த அளவீட்டுக்கும் பிழை எல்லை உண்டு. 1.3 என்ற வேறுபாட்டுக்கு அவர்கள் கணக்கிட்ட 95 விழுக்காட்டு எல்லை, துடிப்புக்குச் சாதகமாக 3.9 புள்ளி முதல் பாதகமாக 1.3 புள்ளி வரை. ஆகச் சிறந்த முனையை எடுத்துக்கொண்டாலும் 3.9-தான், 10-இல் பாதிகூட இல்லை. ஆள் தொகை குறைவாக இருந்தால் இந்த எல்லை அகன்று போயிருக்கும். அப்படிப் போகவில்லை. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆய்வு சிறியதா பெரியதா என்பதை ஆள்தொகையை மட்டும் எண்ணிச் சொல்ல முடியாது. பிழை எல்லையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. பழைய குறுகுறுப்பு முறையில் பயன் கண்டவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சோதனையைக் கொத்துத்துடிப்பு முறையில் நடத்தினார்கள். அந்தக் கொத்துத்துடிப்பும் சந்தையில் உள்ள முறையோடு முற்றிலும் ஒத்ததன்று. சந்தை முறையில் ஒரு கொத்துக்கு 5 துடிப்புகள், நார்வேயில் 4. மின்னோட்டத்தின் அளவை வகுத்த விதமும் வேறு. ஆகவே இந்த ஆய்வு, தான் சோதித்த துடிப்பைப் பற்றி மட்டுமே தீர்ப்புச் சொல்கிறது. எல்லாத் துடிப்புகளையும் பற்றி அன்று. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதத்தை எடுப்பவர்கள் அடுத்த அடியையும் வைக்க வேண்டும். தங்கள் துடிப்பு வேறு என்றால், அதையும் இப்படியே அணைத்தும் ஓட்டியும் சோதித்துக் காட்டும் பொறுப்பு அவர்களுடையது. ஒவ்வொரு முறை தோற்கும்போதும் 'அது எங்கள் துடிப்பன்று' என்று சொல்லிக்கொண்டே போனால் எந்தக் கருவியும் என்றைக்கும் தோற்காது.

என் சொந்த ஐயம் ஒன்றும் உண்டு. மேலே சுழிப்பிழையைச் சாதாரணமாகக் கழித்துவிட்டேன். திருகு அளவியில் அது சரி. மனித உடல் திருகு அளவி அன்று. நம்பிக்கையால் வரும் தணிப்பும் மின்துடிப்பால் வரும் தணிப்பும் ஒரே வழியைப் பயன்படுத்துமானால், இரண்டும் கூட்டல் கணக்காகச் சேரவேண்டும் என்பதில்லை. ஒன்று வழியை நிரப்பிவிட்டால் மற்றதற்கு இடமில்லாமல் போகலாம். இதைப் பிரித்தறிய வேண்டுமானால், கருவி பொருத்தப்பட்டும் துடிப்பை எதிர்பார்க்காத ஒரு குழு வேண்டும். அத்தகைய சோதனையை அறநெறிக் குழு எதுவும் எளிதில் ஒப்புக்கொள்ளாது.

தட்டில் எஞ்சியிருப்பது

முதுகுவலிக்கான தண்டுவட மின்தூண்டல் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சீர்தூக்கும் பணியைக் காக்ரேன் அமைப்பு 2023-இல் செய்தது. 13 ஆய்வுகள், 699 நோயாளிகள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டு ஆறு மாத அளவுக்குச் சென்று பார்த்த ஆய்வு அவற்றுள் ஒன்றே ஒன்று. நாம் மேலே பார்த்த நார்வே ஆய்வுதான் அது. அந்த அளவில் கருவியால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஓராண்டோ அதற்கு மேலோ போலிச் சிகிச்சையோடு வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இப்படிச் சொல்வதால், கருவியைப் பொருத்திக்கொண்டு நிம்மதியாக நடமாடுகிறவர்களை நோக்கி 'உங்களுக்குக் குணமே ஆகவில்லை' என்று கூறுவதாக ஆகிவிடாது. 9.3 புள்ளி என்பது அவர்களைப் பொறுத்தவரை உண்மையான 9.3 புள்ளிதான். அந்தத் தணிப்பைப் பெற முதுகைத் துளைத்துக் கம்பி செலுத்த வேண்டுமா, மறு அறுவை அபாயத்தை ஏற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. நார்வே நோயாளிகள் துடிப்பு ஓடாத ஆறு மாதங்களில் பெற்றது என்ன? மருத்துவரின் கவனிப்பு, முறையான கண்காணிப்பு, தங்கள் வலியை ஒருவர் பொறுப்பாகக் கேட்கிறார் என்ற நிலை. இவற்றில் எவ்வளவு பங்கை அறுவை இல்லாமலே தர முடியும் என்று அளக்கும் ஆய்வுகளுக்கு நிதி கொடுக்க ஆள் இல்லை. அதில் விற்பதற்குப் பெட்டி எதுவும் இல்லையே!

உங்கள் வீட்டில் யாருக்கேனும் இத்தகைய கருவி பரிந்துரைக்கப்பட்டால், எத்தனை விழுக்காட்டினருக்குப் பயன் கிடைத்தது என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். எதோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கு வந்தது, ஒப்பிடப்பட்டவர்களுக்குத் தங்கள் நிலை தெரிந்திருந்ததா, எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார். 2007 ஆய்வில்கூட முதல் ஆண்டுக்குள் கருவி பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குக் கருவி தொடர்பான சிக்கல்கள் வந்தன. அந்த எண்ணும் அதே அறிக்கையில்தான் அச்சாகியிருக்கிறது. மேடைகளில் 48 மட்டும் சொல்லப்படுகிறது.